ஆசிரியர்கள் யாரிடம் கற்றுக்கொள்கிறார்கள்?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தோடு ஒரு பட்டியல் இணைக்கப்பட்டிருக்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர்கள் என்கிறது அது. வகுப்புகளோ ஐந்து. ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிவிட்டு, ஐந்தாம் வகுப்பின் கட்டுரை நோட்டைத் திருத்த உட்காரும்போது ஒன்றாம் வகுப்பில் சண்டை தொடங்கியிருக்கும். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை, கடற்கரையை ஒட்டியும் உள்ளே தள்ளியும், மாதா கோயிலுக்குப் பக்கத்திலேயே நிற்கும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப் பள்ளிகளில் இப்படி நாளை ஓட்டும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒருவருக்குப் பாடத்தில் ஒரு சிக்கல் வருகிறது. நான்காம் வகுப்பில் பாதிப் பேருக்குப் பின்னம் ஏறவே மாட்டேன் என்கிறது. யாரிடம் கேட்பார்? கூட இருக்கும் இன்னொருவர் தலைமையாசிரியர். அவருக்கு எமிஸ் இணையப் பதிவு, மதிய உணவுக் கணக்கு, மாற்றுச் சான்றிதழ் கேட்டு வாசலில் நிற்கும் பெற்றோர். தாளாளரோ பங்குத்தந்தை. அவருக்குக் கிளைக் கிராமங்களின் பூசையும் நோயாளிச் சந்திப்பும் போகத்தான் பள்ளி. கடைசியில் அந்த ஆசிரியர் தானாகவே ஏதோ செய்து பார்க்கிறார். சரியாக வந்தால் அது அவரோடு நின்றுவிடுகிறது. வராவிட்டால் பிள்ளைகளோடு நின்றுவிடுகிறது.

நகரத்துப் பெரிய பள்ளியில் மட்டும் இது மாறிவிடுகிறதா என்றால், இல்லை. ஆசிரியர் அறையில் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் ஒருவர் பாடம் நடத்துவதை இன்னொருவர் பார்த்திருக்க மாட்டார். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் ஆசிரியர் தொழிலைப் பற்றி எழுதிய நூலில், இந்தத் தனிமை அந்தத் தொழிலின் முக்கிய அடையாளங்களில் ஒன்று என்று காட்டினார். டாக்டர் இன்னொரு டாக்டர் செய்யும் அறுவை சிகிச்சையைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்கிறார். வக்கீல் சீனியரின் வாதத்தைக் கேட்டுத்தான் தேறுகிறார். ஆசிரியர் மட்டும் பி.எட். முடித்த மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக நிற்கிறார். ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் அப்படியே நிற்கிறார்.

இதற்கு மாற்றாக உலகம் முழுக்கக் கல்வியாளர்கள் முன்வைப்பது ஆசிரியர் கற்றல் வட்டங்கள். ஒரே பாடத்தையோ ஒரே வகுப்பையோ கையாளும் ஆசிரியர்கள், பள்ளி எல்லையைத் தாண்டி, குறிப்பிட்ட இடைவெளியில் கூடுவார்கள். ஒருவர் வகுப்பை ஒருவர் பார்ப்பார்கள். பிள்ளைகளின் நோட்டுகளை நடுவில் பரப்பிவைத்துப் பேசுவார்கள். ஒரு வழியை எல்லோரும் தத்தம் வகுப்பில் சோதித்துவிட்டு அடுத்த கூட்டத்தில் விளைவைச் சொல்வார்கள். இதில் விரிவுரை கிடையாது, சான்றிதழும் கிடையாது. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு இது புதுப் பாடமும் அல்ல.

நானூறு ஆண்டுப் பழக்கம்

இயேசு சபையின் பள்ளிகள் 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவெங்கும் பெருகியபோது, எல்லாப் பள்ளிக்கும் பொதுவான ஒரு கல்வி ஒழுங்கு தேவைப்பட்டது. ரோமில் உட்கார்ந்து ஓர் ஆணையை எழுதி அனுப்பியிருக்கலாம். சபை அப்படிச் செய்யவில்லை. 1586-இல் ஒரு வரைவு தயாரித்துப் பல நாடுகளில் இருந்த தன் பள்ளிகளுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டது. வந்த குறைகளைச் சேர்த்து 1591-இல் திருத்திய வரைவை அனுப்பியது. அதையும் வகுப்பறைகளில் நடத்திப் பார்த்த பிறகுதான், 1599-இல் ‘ராசியோ ஸ்டுடியோரம்’ இறுதி வடிவம் பெற்றது. வகுப்பில் நிற்பவரின் அனுபவம் கடிதம் கடிதமாக ரோமுக்குப் போய், விதியாகத் திரும்பி வந்தது.

அடுத்த நூற்றாண்டில் பிரான்சின் ரேம்ஸ் நகரத்துக் குரு ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் ஏழைச் சிறுவர்களுக்காகப் பள்ளி தொடங்கினார். ஆசிரியர்களைத் தன் வீட்டிலேயே தங்கவைத்துப் பழக்கினார். 1685-இல் ஆசிரியர் பயிற்சிக்கென்றே ஒரு நிறுவனம் கண்டார். பள்ளியை எப்படி நடத்துவது என்று அவர் சபை வெளியிட்ட கையேடு, 1706-இல் கையெழுத்துப் படியாகவும் 1720-இல் அச்சிலும் வந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்க வைப்பது எப்படி, தாமதமாக வரும் பிள்ளையை என்ன செய்வது என்பது வரை அதில் உண்டு. அனுபவமுள்ள சகோதரர்களோடு பலமுறை கூடிப் பேசித் திரட்டிய நூல் அது என்று அதன் முன்னுரையே சொல்கிறது. 1950-இல் பன்னிரண்டாம் பயஸ் திருத்தந்தை லசாலை எல்லா ஆசிரியர்களுக்கும் பாதுகாவலராக அறிவித்தார்.

தமிழ் மண்ணிலும் அந்தச் சிந்தனைக்குத் தடயம் உண்டு. நம் ஊர்களில் பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பே கோயில் திண்ணையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் உபதேசியார். ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்த அவர்களுக்காகத்தான் வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலை எழுதினார். தனித்தனியாக வேலை பார்ப்பவர்களை ஒரே சிந்தனையில் இணைக்க அந்தக் காலத்தில் கிடைத்த கருவி அந்த நூல்தான்.

புதுச்சேரி முதல் சிதம்பரம் வரை

கடலூர்ப் பகுதியின் கத்தோலிக்கக் கல்விக்கு 1844 முக்கியமான ஆண்டு. பாரீஸ் வேதபோதகச் சபையைச் சேர்ந்த ஆயர் பொன்னாந்த், அந்த ஆண்டு தொடக்கத்தில் புதுச்சேரியில் குருக்களைக் கூட்டி ஒரு சங்கம் நடத்தினார். உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதும் பள்ளிகளைப் பெருக்குவதும் அதன் முக்கியத் தீர்மானங்கள். அதே ஆண்டு அக்டோபரில் துப்புய் சுவாமி, பெண் பிள்ளைகளின் படிப்புக்காக உள்நாட்டுப் பெண்களைக் கொண்டு மரியாயின் மாசற்ற இதய சபையைத் தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலத்தில், கற்பிக்கும் பெண்களின் ஒரு கூட்டத்தை உருவாக்கிய செயல் அது. துப்புயும் மூசே என்ற இன்னொரு குருவும் சேர்ந்து தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதியும் இதே புதுச்சேரி மிஷன் வட்டாரத்தில் பிறந்ததுதான்.

1886-இல் புதுச்சேரி உயர்மறைமாவட்டம் ஆனது. 1953 முதல் அதன் பெயர் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டம். கடலூரில் மஞ்சக்குப்பம் புனித வளனார் மேல்நிலைப் பள்ளி, புனித அன்னாள் பெண்கள் மேல்நிலைப் பள்ளி, பின்னாளில் வந்த புனித வளனார் கலை அறிவியல் கல்லூரி, நெய்வேலியில் குளூனி கன்னியரின் பள்ளி என்று அந்த மரம் கிளை விட்டிருக்கிறது. மறைமாவட்டப் பள்ளி, துறவற சபைப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, சுயநிதி மெட்ரிக் பள்ளி என்று இவற்றுக்குள் பல வகை.

சிதம்பரத்தின் கல்வி வரலாறு வேறு தடத்தில் வந்தது. 1864-இல் ஆறுமுக நாவலர் அங்கே சைவப் பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1916-இல் நந்தனார் பள்ளியை நிறுவினார். 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. 1979-இல் அது தொடங்கிய தொலைதூரக் கல்வி, தமிழகத்தின் எண்ணற்ற ஆசிரியர்களுக்குப் பட்டமும் மேற்பட்டமும் தந்திருக்கிறது.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்தவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. அவரை அரசியல்வாதியாகவும் ஆங்கிலப் பேச்சாளராகவும்தான் பலர் அறிவார்கள். அதற்கெல்லாம் முன்பு அவர் பள்ளி ஆசிரியர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், சென்னை ஆசிரியர்கள் ஒன்றுகூடித் தொழிலைப் பற்றிப் பேசுவதற்காக மெட்ராஸ் டீச்சர்ஸ் கில்டு என்ற அமைப்பு உருவாக அவர் காரணமாக இருந்தார். பின்னர் தென்னிந்திய ஆசிரியர் சங்கம் தோன்றியது. 1920-களின் கடைசியிலிருந்து அது நடத்திய மாத இதழில் பாடமுறை, தேர்வு, பாடநூல் பற்றி ஆசிரியர்களே எழுதினார்கள். சம்பளக் கோரிக்கையும் வகுப்பறைச் சிந்தனையும் ஒரே இதழில் பக்கம் பக்கமாக வந்த காலம் அது. இன்றைய சங்கங்களில் முன்னது மிஞ்சியிருக்கிறது, பின்னது மெலிந்துவிட்டது.

மேலிருந்து இறங்கும் பயிற்சி

இன்று ஆசிரியர்களுக்குப் பயிற்சியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1986 தேசியக் கல்விக் கொள்கையின் விளைவாக வந்த மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், கடலூர் மாவட்டத்துக்கு வடலூரில் இருக்கிறது. அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் காலத்தில் வட்டார வள மையங்களும் குறுவள மையங்களும் பரவின. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமை ஒரே பள்ளியில் கூடுவதற்கான ஏற்பாடு குறுவள மையம். எண்ணிப் பார்த்தால் கற்றல் வட்டத்துக்கு வேண்டிய எல்லாமே அதில் உண்டு.

சிக்கல் அங்கே என்ன நடக்கிறது என்பதில்தான் இருக்கிறது. மாநில அளவில் சிலருக்குப் பயிற்சி தருகிறார்கள். அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்குச் சொல்கிறார்கள். மாவட்டத்தார் வட்டாரத்தாருக்கு, வட்டாரத்தார் ஆசிரியர்களுக்கு. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கரைகிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியரிடம் வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு பவர்பாயிண்ட்டும் கையெழுத்துப் போட ஒரு வருகைத் தாளும். அவர் வகுப்பில் பின்னம் ஏறாத பிள்ளையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 1980-களில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஆசிரியர் பயிற்சிகளை ஆராய்ந்தார்கள். சொல்லிக்கொடுத்தாலும் செய்துகாட்டினாலும் மட்டும் புதிய முறை வகுப்பறைக்குள் நிலைப்பதில்லை என்றும், திரும்பிப் போன பிறகு சக ஆசிரியர் ஒருவர் கூடவே நின்று பார்த்துப் பேசினால்தான் நிலைக்கிறது என்றும் அவர்கள் எழுதினார்கள்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி, சுற்றுக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக அட்டைகளைக் கொண்டு கற்கும் முறையை உருவாக்கியிருந்தது. பிள்ளை தன் வேகத்தில் படிப்படியாக ஏணியில் ஏறும். 2003-இல் சென்னை மாநகராட்சி 13 பள்ளிகளில் இதைச் சோதித்தது. முன்னின்றவர் அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார். ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கே போய் அந்த வகுப்புகளை நேரில் பார்த்தார்கள், பேசினார்கள், திரும்பி வந்து தமிழ்நாட்டுப் பாடத்துக்கு ஏற்பத் தாங்களே அட்டைகளை எழுதினார்கள். பிறகு எல்லா மாநகராட்சிப் பள்ளிகளுக்கும், 2007–08-இல் மாநிலம் முழுவதற்கும் அது ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயரில் போனது. நேரில் பார்த்து, தானே எழுதிய ஆசிரியரிடம் அந்த முறைக்கு உயிர் இருந்தது. அட்டைப் பெட்டி மட்டும் வந்து சேர்ந்த இடங்களில் அது இன்னொரு அரசுத் திட்டமாகிவிட்டது.

ஒரு கழித்தல் கணக்கு

வட்டமாக உட்கார்ந்து ஆசிரியர்கள் அப்படி என்னதான் பேசுவார்கள்? ஓர் உதாரணத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். மூன்றாம், நான்காம் வகுப்பு எடுக்கும் ஆறேழு ஆசிரியர்கள். ஒவ்வொருவர் கையிலும் தம் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகள், பெயர் தெரியாதபடி அட்டை மடித்து வைக்கப்பட்டவை. எல்லா வகுப்பிலும் ஒரே கணக்கைக் கொடுத்திருக்கிறார்கள்: 402-இலிருந்து 178-ஐக் கழி.

சரியான விடை 224. நோட்டுகளைப் புரட்டினால் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு கூட்டம் 376 என்று எழுதியிருக்கிறது. இன்னொரு கூட்டம் 234.

சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றுதான். பேசத் தொடங்கினால் அப்படி இல்லை. 376 எழுதிய பிள்ளை, மேலே கீழே பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. 8-இல் 2 போக 6, 7-இல் 0 போக 7, 4-இல் 1 போக 3. ‘சிறுசிலிருந்து பெருசு போகாது’ என்று இரண்டாம் வகுப்பில் நாமே சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை அது விசுவாசமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 234 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். நூறிலிருந்து ஒன்றை வாங்கிவந்து பத்தின் இடத்தில் 10 என்று போட்டது, ஒன்றின் இடத்துக்கும் 12 கொடுத்தது. ஆனால் அந்தப் பத்திலிருந்து ஒன்று இறங்கிப் போனதால் 9 ஆகிவிட்டதைக் கவனிக்கவில்லை. முதல் பிள்ளைக்கு இடமதிப்பை அடியிலிருந்து சொல்ல வேண்டும். இரண்டாம் பிள்ளைக்கு ஒரே ஒரு படிதான் விட்டுப்போயிருக்கிறது.

“நான் கரும்பலகையில கடன் வாங்கிக் காட்டவே மாட்டேன் டீச்சர். காகித நோட்டு வெட்டிக் கொடுத்துருவேன்” என்று தொடங்குவார் ஒருவர். நான்கு நூறு ரூபாய்த் தாள், இரண்டு ஒரு ரூபாய் நாணயம். கடைக்காரருக்கு 178 கொடுக்க வேண்டும். ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்றாமல் முடியாது, அதில் ஒரு பத்தைச் சில்லறையாக மாற்றாமல் முடியாது. மாற்றி முடித்ததும் கையில் பத்து ரூபாய்த் தாள்கள் ஒன்பது நிற்கும். அந்த 9 எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளை கண்ணால் பார்த்துவிடும். “சிஸ்டர், எங்க ஊர்ல மீன் ஏலத்துக்குப் போற பசங்க வாயாலேயே போட்டுருவாங்க. நோட்டுல எழுதச் சொன்னாத்தான் தடுமாறுறாங்க” என்பார் கடலோரப் பள்ளிக்காரர். அங்கிருந்து பேச்சு வாய்க்கணக்கையும் எழுத்துக்கணக்கையும் இணைப்பது எப்படி என்று நகரும். ஒரு மணி நேரத்தில் எல்லோரும் அடுத்த வாரம் செய்து பார்க்க ஏதோ ஒன்றோடு எழுந்திருப்பார்கள்.

ஜப்பானில் இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கம் இருக்கிறது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் வகுப்பின் ஓரங்களில் நின்று பார்ப்பார்கள். அவர்கள் கண் ஆசிரியர்மேல் இருக்காது, பிள்ளைகள்மேல்தான் இருக்கும். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் நெற்றியைச் சுருக்கியது, எதை எழுதி அழித்தது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு கூடிப் பேசி, பாடத்தைத் திருத்தி, இன்னொருவர் வேறு வகுப்பில் நடத்துவார். 1999-இல் ஸ்டிக்லர், ஹீபர்ட் இருவரும் எழுதிய நூல் வழியாக இந்தப் பாட ஆய்வு முறை அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் பரவியது. குறைசொல்லப்படுவது பாடம், ஆசிரியர் அல்ல என்ற நம்பிக்கை அங்கே வேரூன்றியிருப்பதால்தான் யாரும் கதவைத் திறக்கப் பயப்படுவதில்லை.

கைவசம் இருப்பதும் குறுக்கே நிற்பதும்

கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு இதில் இயல்பான வசதி ஒன்று உண்டு. மறைமாவட்டத்தின் உதவி பெறும் பள்ளிகள் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. ஆசிரியர்களை ஒரு பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். தனிக் கமிட்டி நடத்தும் பள்ளியில் சேர்ந்தவர் பணிக்காலம் முழுதும் அதே சுவருக்குள் இருக்க நேரலாம். ஆர்.சி. பள்ளி ஆசிரியரோ கடலோரத்தில் சில ஆண்டு, நெல்வயல் ஊரில் சில ஆண்டு, நகரத்தில் சில ஆண்டு என்று சுற்றியிருப்பார். துறவற சபைகளுக்கோ மாநிலமெங்கும் பள்ளிகள். ஒருவரையொருவர் முன்பே அறிந்த ஆசிரியர்கள், ஒரே கண்காணிப்பாளர் அலுவலகம், கூட இடம், தங்க விடுதி எல்லாம் தயாராக இருக்கின்றன.

இந்தச் சமூக உணர்வுக்கு விளைவு உண்டு என்பதை அமெரிக்காவில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆண்டனி பிரைக், வாலரி லீ, பீட்டர் ஹாலண்ட் மூவரும் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட நூலில், ஏழைப் பிள்ளைகளும் அங்கே நன்றாகப் படிப்பதற்கான காரணங்களைத் தேடினார்கள். எல்லோருக்கும் பொதுவான பாடத்திட்டம், வகுப்புக்கு வெளியிலும் பிள்ளைகளோடு உறவாடும் ஆசிரியர்கள், ஒரே குடும்பம் என்ற உணர்வு ஆகியவற்றை அவர்கள் சுட்டினார்கள். அதே பிரைக் பின்னாளில் கார்னகி அறக்கட்டளையின் தலைவராகிப் பள்ளிகளை வலையாக இணைக்கும் வேலையில் இறங்கினார். ஒரு சிறு மாற்றத்தைத் திட்டமிடு, செய், விளைவைப் பார், திருத்து, மற்றப் பள்ளிகளுக்குச் சொல் என்பதே அவர் பரப்பிய முறை.

குறுக்கே நிற்பவையும் சிறியவை அல்ல. முதலாவது பயம். தாளாளரோ சபைத் தலைவியோ உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், ‘என் வகுப்பில் பாதிப் பேருக்குப் புரியவில்லை’ என்று எந்த ஆசிரியர் வாய் திறப்பார்? ஒப்புக்கொண்டது அடுத்த நாள் விளக்கக் கடிதமாகத் திரும்பி வரும் என்றால் எல்லோரும் ‘நன்றாகப் போகிறது’ என்றுதான் சொல்வார்கள். இரண்டாவது போட்டி. பொதுத் தேர்வு முடிவன்று நூறு விழுக்காடு பேனர் கட்டும் பள்ளிகள், ஒரே ஊரில் ஒன்றுக்கொன்று போட்டியாளர்கள். நல்ல வினாத்தாளைக்கூடப் பகிரத் தயங்குகிறார்கள்.

மூன்றாவது, பெரும்பாலும் யாரும் பேசாதது. ஒரே வளாகத்தில் அரசுச் சம்பளம் வாங்கும் நிரந்தர ஆசிரியரும், நிர்வாகம் தரும் சொற்பத் தொகைக்கு அதே வேலையைச் செய்யும் சுயநிதிப் பிரிவு ஆசிரியரும் இருக்கிறார்கள். பின்னவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பயிற்சிக்குப் போனால் அன்றைய ஊதியம் வருமா என்பதே அவர்களுக்குத் தெரியாது. சாயங்காலக் கூட்டம் என்றால் வீட்டில் அடுப்பு, பிள்ளைகள், கடைசிப் பஸ். இவர்களை வெளியே நிறுத்திவிட்டுக் கட்டும் எந்த வட்டமும் பாதிப் பள்ளியை விட்டுவிடுகிறது. சனிக்கிழமையும் சாயங்காலமும் ஆசிரியரின் சொந்த நேரம். அதை எடுத்துக்கொள்வதானால் ஈடுசெய் விடுப்பும் பஸ் கட்டணமும் கொடுக்க வேண்டும். இது சலுகைப் பேச்சல்ல, நியாயம்.

மதிலுக்கு வெளியே

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபரில் வெளியிட்ட கல்வி பற்றிய அறிக்கை, கத்தோலிக்கப் பள்ளிகள் தங்களுக்குள்ளும் பிற பள்ளிகளோடும் ஒத்துழைப்பை வளர்க்க எல்லா வழியிலும் முயல வேண்டும் என்கிறது. கடலூரிலும் சிதம்பரத்திலும் இதைச் செய்யத் தூரம் போக வேண்டியதில்லை. ஆர்.சி. பள்ளிக்கு எதிரிலேயே ஊராட்சி ஒன்றியப் பள்ளி இருக்கும். இரண்டிலும் படிப்பவர்கள் அதே தெருப் பிள்ளைகள், அதே பாடநூல்.

வெளியில் கற்க ஏற்கெனவே வாசல்கள் உண்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் மாநிலத்தில் ஒருங்கிணைக்கும் குழந்தைகள் அறிவியல் மாநாடு, நாடு முழுவதும் 1993 முதல் நடக்கிறது. ஊர்க் குளத்தையும் வயலையும் ஆராயும் பிள்ளைக் குழுவுக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியர் உண்டு. அந்த ஆசிரியர்கள் மாவட்ட மாநாட்டில் சந்திக்கும்போது நிர்வாக வேறுபாடு மறைந்து, வேலைதான் பேச்சாகிறது. ஒரு புத்தகமும் வட்டத்தைக் கூட்டும். கடலூரில் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பணியாற்றிய இரா. நடராசன் எழுதிய ‘ஆயிஷா’ குறுநாவல், கேள்வி கேட்கும் ஒரு மாணவியைப் பள்ளி என்ன செய்தது என்பதை ஓர் ஆசிரியையின் வாயால் சொல்கிறது. தமிழ்நாட்டில் அதைப் படித்து விவாதிக்காத ஆசிரியர் கூட்டங்கள் குறைவு. சிறுவர் இலக்கியத்துக்காக 2014-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றவர் அவர்.

இந்த மாவட்டத்து ஆசிரியர்களிடம் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஓர் அறிவும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல். 2015 நவம்பரில் பெருவெள்ளம். அலைச் சத்தம் கேட்டால் மேசைக்கடியில் ஒளிந்த பிள்ளையை, பெற்றோரை இழந்து மீண்டும் வகுப்புக்கு வந்த பிள்ளையை, புத்தகமும் சான்றிதழும் அடித்துப்போன குடும்பத்தைக் கையாண்ட ஆசிரியர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்று வருகிறார்கள். அவர்கள் என்ன செய்தார்கள், எது பலித்தது, எது பிள்ளையை மேலும் நோகவைத்தது என்பதை அடுத்த தலைமுறை கேட்டு எழுதிவைக்கவில்லை என்றால், அடுத்த புயலன்று புதிதாகச் சேர்ந்தவர் ஒன்றுமில்லாமல் நிற்பார்.

எங்கே தொடங்கலாம்

காலமும் நெருக்குகிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், பணியில் இருக்கும் ஆசிரியர்களும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவர்கள் மறுபடி தேர்வுப் புத்தகத்தோடு உட்காரும் கலக்கம் எல்லா ஆசிரியர் அறையிலும் இருக்கிறது. சேர்ந்து படிக்க இதுவே ஒரு காரணம் ஆகலாம். குழந்தை வளர்ச்சி, கற்பித்தல் முறை ஆகிய பகுதிகளைத் தங்கள் வகுப்பு நோட்டுகளை வைத்துப் பேசிக் கற்பவர், தேர்வுக்கும் தயாராகிறார், வகுப்புக்கும் தயாராகிறார்.

பெரிய திட்டம் எதுவும் முதலில் வேண்டாம். கடலூரில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று என இரண்டு வட்டங்கள் போதும். தொடக்க வகுப்புக் கணக்குக்கு ஒன்று, ஆறு முதல் எட்டு வரை ஆங்கில வாசிப்புக்கு ஒன்று. வட்டத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு பேர். அதில் உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி, பக்கத்து ஒன்றியப் பள்ளி ஆகிய மூன்றிலிருந்தும் ஆட்கள். மாதம் ஒருமுறை, வேலை நாளில், பிற்பகல் இரண்டு மணி நேரம். கூட்டத்தை நடத்துபவர் ஆசிரியரே, முறை வைத்து மாறி மாறி. தாளாளரும் அதிகாரியும் அழைத்தால் மட்டும் வருவது. அங்கே பேசியது எவருடைய பணிப்பதிவேட்டுக்கும் போகாது என்று கண்காணிப்பாளர் அலுவலகம் எழுத்தில் உறுதி தருவது. வடலூர் பயிற்சி நிறுவனமும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கல்வித் துறையும் கேட்டால் புத்தகமும் ஆலோசனையும் தருவது, ஆனால் நிகழ்ச்சி நிரலை அவர்கள் எழுதாமல் இருப்பது.

வாட்ஸ்ஆப் குழு கூட்டத்துக்கு இடையில் உதவும். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது ஆசிரியர்களை ஒன்றாக வைத்திருந்தது அதுதான். ஆனால் காலை வணக்கமும் சுற்றறிக்கையும் நிறைந்தால் அதில் நோட்டுப் படத்துக்கு இடமிருக்காது. அந்தக் குழுவில் பிள்ளைகளின் வேலை, அதைப் பற்றிய கேள்வி, செய்து பார்த்த விளைவு ஆகிய மூன்று மட்டும் என்று முதல் நாளே முடிவெடுப்பது நல்லது.

செலவு என்று பார்த்தால் பஸ் கட்டணம், டீ, ஒரு வகுப்புக்கு மாற்று ஏற்பாடு. ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவர் வந்துவிட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் அந்தப் பள்ளிகளுக்கு மட்டும், அன்றைய பிற்பகலுக்குப் பக்கத்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியரை அனுப்பும் ஏற்பாட்டை நிர்வாகம் செய்ய வேண்டும். காலாண்டுத் தேர்வு முடிந்து அரையாண்டுக்கு முன் மூன்று கூட்டங்கள் நடத்தி, டிசம்பர் விடுமுறைக்குள் இரண்டு வட்டங்களும் தாங்கள் செய்து பார்த்ததை நான்கு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால், ஜனவரியில் விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டி ஆசிரியர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் வட்டத்தைத் தொடங்கலாம்.